ஒத்திகை மணியும் குழந்தை மனமும்

1851ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள், நியூயார்க் நகரில் கிரீன்விச் அவென்யூ என்னும் தெருவிலிருந்த பள்ளியொன்றில் 40க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். அன்று அங்கே தீப்பிடிக்கவில்லை. கட்டடம் இடிந்து விழவும் இல்லை. ஆசிரியை ஒருவர் திடீரென உடல்நலம் குன்றி, வாய்பேச இயலாது தடுமாறினார். அவருக்குத் தண்ணீர் கேட்டு எழுந்த கூக்குரல்களுக்கிடையே 'தீ' என்ற சொல்லும் கிளம்பிவிட்டது. மாடி வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தனர். படிக்கட்டின் கைப்பிடி முறிந்தது. ஒருவர்மேல் ஒருவராய்க் கீழே விழுந்து மூச்சடைத்து மாண்டனர்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அபாய ஒத்திகை வேண்டும் என்னும் எண்ணம் அந்நாட்டில் வேரூன்றியதற்கு இத்தகைய துயரங்களே காரணம். நெருப்பு வருமுன் நெருப்பைப் பற்றிய பீதி கொன்றுவிடுகிறது என்பதைக் கண்டவர்கள், பீதியை ஒழுங்கால் வெல்லலாம் என நம்பினர். மணி அடித்ததும் எழுந்து, வரிசையாய், ஓசையின்றி, ஓடாமல் வெளியேறப் பிள்ளைகளைப் பழக்கினர். அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. ஆயினும் ஒத்திகை என்பது தன்னளவில் நல்லதொரு மருந்தென்றும், எவ்வளவு கொடுத்தாலும் எப்படிக் கொடுத்தாலும் நன்மையே என்றும் எண்ணிவிட முடியாது. அமெரிக்கப் பள்ளிகளின் வரலாறு இதற்குச் சான்று. அவ்வரலாற்றின் நடுவே நம் திருச்சபையின் பள்ளிக்கூடம் ஒன்றும் நிற்கிறது. அதனாலேயே அதனை இங்கே சற்று விரிவாய் நோக்க விழைகிறோம்.

1908ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் திருநீற்றுப் புதன். ஒகாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரையொட்டிய காலின்வுட் என்னும் ஊரின் லேக் வியூ பள்ளியில் அன்று காலை தீப்பற்றியது. நீராவிக் குழாயின் வெப்பத்தில் மர உத்திரம் பற்றிக்கொண்டதே காரணம் எனப் பின்னர் முடிவு செய்தனர். முன்வாசல் பக்கம் தீ நாக்கை நீட்டுவதைக் கண்ட பிள்ளைகள் பின்வாசலை நோக்கித் திரும்பினர். பின்படிக்கட்டின் அடியில் இடைத்தடுப்புகளால் வழி குறுகியிருந்தது. முன்னே சென்றவர்கள் விழ, பின்னே வந்தவர்கள் அவர்கள்மேல் விழ, 172 குழந்தைகளும் ஆசிரியைகள் இருவரும், காப்பாற்ற வந்த ஒருவரும் மாண்டனர். ஏழாண்டுகள் கழித்து, 1915 அக்டோபர் 28 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலம் பீபடி நகரில் அருட்சகோதரிகள் நடத்திய புனித யோவான் பள்ளியில் இதே போன்ற நெரிசலில் 21 சிறுமியர் இறந்தனர். அதன்பின் பள்ளிக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற விதி அங்கே பிறந்தது. கதவு எப்பக்கம் திறக்கிறது என்பது சின்னஞ்சிறு செய்தி. ஆனால் உள்ளிருந்து நூறு பேர் முட்டித் தள்ளும்போது உட்புறமாகத் திறக்கும் கதவு சுவராகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஒழுங்கு கற்பித்தவர்கள் கதவுகளுக்கு அதனைக் கற்பிக்கவில்லை.

இனி 1958க்கு வருவோம். சிகாகோ நகரின் மேற்குப் பகுதியில், பெரும்பாலும் இத்தாலிய, போலந்து, அயர்லாந்து வழிவந்த உழைப்பாளிக் குடும்பங்கள் வாழ்ந்த பங்கில் வானதூதர்களின் அன்னை பள்ளி இருந்தது. தூய கன்னி மரியாவின் பிறரன்புச் சகோதரிகள் அதனை நடத்தினர். ஏறத்தாழ 1,600 பிள்ளைகள் பயின்றனர். ஒரே வகுப்பில் ஐம்பது, அறுபது பேர். கட்டடம் பழையது. 1949இல் நகராட்சி புதிய தீத்தடுப்பு விதிகளை இயற்றியபோது, முன்பே எழுந்துவிட்ட கட்டடங்களுக்கு விலக்களித்துவிட்டது. ஆகவே தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் அங்கில்லை. எச்சரிக்கை மணி தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்படவில்லை. அம்மணியின் விசைகள் பள்ளி முழுவதற்கும் இரண்டே. இரண்டும் தென்பகுதியில், எவ்வித அடையாளமுமின்றி. வடபகுதியின் தீயணைப்புக் கருவிகள் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன. அவசரகால வெளிப்படிக்கட்டு ஒன்றுண்டு. அதனை அடைய நடைக்கூடத்தைக் கடந்தாக வேண்டும். இத்தனையும் இருக்க, தீ விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதிகாரிகள் ஆய்வு செய்து, விதிப்படி எல்லாம் சரியே என்று சான்றளித்துச் சென்றிருந்தனர். சட்டப்படி அது பொய்யுமன்று.

டிசம்பர் 1, திங்கட்கிழமை. பள்ளி விட இன்னும் ஒரு மணிநேரத்துக்கும் குறைவான நேரமே இருந்தது. வடபகுதியின் அடித்தளத்தில், படிக்கட்டின் கீழிருந்த குப்பைத் தொட்டியில் தீ முளைத்தது. கீழ்த்தளத்தில் படிக்கட்டை மறைக்கும் கனத்த கதவு மூடியிருந்தது. மேல்தளத்தில் கதவே இல்லை. புகையும் வெப்பமும் புகைபோக்கியில் ஏறுவதுபோல் நேரே மேல்தளத்து நடைக்கூடத்தில் புகுந்தன. வகுப்பறைகளில் இருந்தவர்கள் உணரும்போது, தப்பிச்செல்லும் ஒரே வழி கரும்புகையால் அடைபட்டிருந்தது. ஒத்திகைகளில் பிள்ளைகள் பழகியது அந்த நடைக்கூடத்தின் வழியே வரிசையாய் நடக்கத்தான்! அவ்வழி இல்லாதபோது என்ன செய்வதென்று எந்த ஒத்திகையும் சொல்லித் தந்திருக்கவில்லை. எஞ்சியவை, தரையிலிருந்து சுமார் 25 அடி உயரத்துச் சன்னல்கள். அவற்றின் விளிம்போ சிறுபிள்ளைகள் ஏற முடியாத உயரம்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். அன்று வேறோர் ஆசிரியைக்கு உடல்நலமில்லாததால், தலைமைச் சகோதரியே அவரது வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தார். அபாய மணியை அடிக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே என்பது பள்ளியின் விதி. பொதுநிலையினரான ஆசிரியைகள் இருவர் புகையின் வாடையை உணர்ந்தனர். ஒருவர் தலைமைச் சகோதரியைத் தேடி அலுவலகத்துக்கு ஓடினார். அவர் அங்கில்லை. திரும்பி வந்த ஆசிரியையும் அடுத்த வகுப்பு ஆசிரியையும் இனிக் காத்திருப்பதில்லை என முடிவெடுத்துத் தத்தம் பிள்ளைகளை வெளியே நடத்திச் சென்று கோவிலில் சேர்த்தனர். அவர்களுள் ஒருவர் மீண்டும் பள்ளிக்குள் சென்று மணியை இயக்கினார். முதல்முறை அது ஒலிக்கவில்லை. இரண்டாம் முறையே ஒலித்தது. அவ்விரு வகுப்புகளின் பிள்ளைகள் அனைவரும் பிழைத்தனர்.

அன்றும் அதன் பின்னர் மருத்துவமனைகளிலுமாக இறந்தோர் 95 பேர். அவர்களுள் 92 பேர் குழந்தைகள். தம் வகுப்புப் பிள்ளைகளை விட்டு அகலாது மாண்ட அருட்சகோதரிகள் மூவர்: மேரி கிளேர் தெரேஸ், மேரி செராஃபிக்கா, மேரி செயின்ட் கனீஸ். அவர்களது தியாகத்தைக் குறைத்துப் பேச நமக்கு நா எழாது. உயிர்தப்பிய ஒரு வகுப்பில் சகோதரி ஒருவர் கதவிடுக்குகளைப் புத்தகங்களால் அடைக்கச் சொல்லிப் புகையைத் தடுத்து நேரம் ஈட்டினார் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும், கீழ்ப்படிதலைப் பெரும் பண்பாகப் போற்றும் நம் நிறுவனங்கள் அந்த மணி விதியை ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். ஒருவர் அனுமதிக்காக ஐம்பது அறைகள் காத்திருக்கும் ஏற்பாட்டை ஒழுங்கு என்று அழைப்பது தகாது. அன்று இரு பொதுநிலைப் பெண்கள் மீறியது விதியை. காத்தது தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளை.

தீயைத் தொடர்ந்து வந்த மாற்றங்கள் பல. நாடெங்கும் ஆயிரக்கணக்கான பழைய பள்ளிக் கட்டடங்கள் ஓராண்டுக்குள் செப்பனிடப்பட்டன. நீர்த்தெளிப்பான்களும் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்த மணிகளும் வந்தன. 1959இல் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறையினர் ஆளில்லாத பழைய பள்ளிக் கட்டடமொன்றில் தாமே மீண்டும் மீண்டும் தீமூட்டி, புகை எவ்வளவு நேரத்தில் எங்கே பரவுகிறது, எந்தக் கதவு எவ்வளவு தாங்குகிறது என்று அளந்தனர். இச்சோதனை நம் மனத்தை மிகவும் கவர்கிறது. குழந்தைகளைச் சோதிக்காமல் கட்டடத்தைச் சோதித்தார்கள். அச்சுறுத்த வேண்டியவை சுவர்களே என்பதை அறிந்திருந்தார்கள். 1958க்குப் பின் அந்நாட்டில் அத்தகைய பெருஞ்சாவு பள்ளித் தீயால் மீண்டும் நேரவில்லை என்றால், அதில் ஒத்திகைக்கும் பங்குண்டு. ஆனால் கதவுக்கும் நீர்க்குழாய்க்கும் அதைவிடப் பெரும் பங்குண்டு என்போம்.

மாறாதது ஒன்றிருந்தது. பிழைத்த பிள்ளைகளைச் சில நாட்களிலேயே வேறு பள்ளிகளில் அமர்த்திப் பாடம் தொடங்கினர். நடந்ததைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம் என்று பெரியவர்கள் எண்ணினர். உளநல ஆலோசனை என்ற பேச்சே எழவில்லை. அவர்களுள் பலர் ஐம்பது, அறுபது வயதில்தான் அந்த நாளைப் பற்றி முதன்முறையாக வாய்திறந்தனர். அன்பில்லாமையால் அவர்களைப் பேசாதிருக்கச் செய்யவில்லை. அக்காலத்து அறிவு அவ்வளவே. குழந்தைகள் விரைவில் மறந்துவிடுவார்கள் என்று நம் வீடுகளிலும் இன்றுவரை சொல்கிறோமே, அதே நம்பிக்கைதான்.

*

அதே 1950களில் அமெரிக்கப் பிள்ளைகள் வேறோர் ஒத்திகையும் செய்துகொண்டிருந்தனர். 1949இல் சோவியத் நாடு அணுகுண்டைச் சோதித்தபின், குண்டு விழுந்தால் மேசைக்கடியில் குனிந்து தலையை மூடிக்கொள்ளப் பள்ளிகள் பழக்கின. ஆமையொன்று ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் கேலிச்சித்திரத்தோடு கூடிய அரசுத் திரைப்படம் 1952 முதல் வகுப்புகளில் காட்டப்பட்டது. நியூயார்க் பள்ளிகளில் பிள்ளைகளின் கழுத்தில் பெயர் பொறித்த உலோக வில்லைகளை மாட்டினர். அவை எதற்கென்று கேட்ட குழந்தைக்கு எந்தத் தாய் உண்மையான விடை சொல்லியிருப்பாள்?

இந்த ஒத்திகையைப் பிற்காலத்தார் எள்ளி நகையாடினர். முழுவதும் நகைப்புக்குரியது என்று நாம் சொல்லமாட்டோம். 2013 பிப்ரவரியில் உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் விண்கல் வெடித்தபோது, ஆசிரியை ஒருவர் வானில் ஒளியைக் கண்டதும் தம் 44 மாணவரையும் மேசைக்கடியில் புகச் சொன்னார். சன்னல்கள் சிதறின. பிள்ளைகள் ஒருவருக்கும் கீறலில்லை. நின்றிருந்த அவருக்குத்தான் வெட்டுக்காயம். எளிய பயிற்சி என்றோ ஒருநாள் உதவக்கூடும். ஆனால் 1960களின் தொடக்கத்தில் சிபில் எஸ்கலோனா என்னும் உளவியலறிஞர், நீங்கள் வளர்ந்தபின் உலகம் எப்படியிருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டபோது, போரென்றோ குண்டென்றோ ஒரு சொல்லும் அவர் எடுத்துக்கொடுக்காதிருந்தும், அவர்களில் பெரும்பாலோர் தாமாகவே அணுவாயுதப் போரைப் பற்றிப் பேசினர். ஒத்திகை மட்டுமே அதற்குக் காரணமாகாது. வானொலியும் செய்தித்தாளும் உண்டு. எனினும் மாதந்தோறும் மேசைக்கடியில் கிடந்த மணித்துளிகள் அந்த எதிர்காலத்தை வரைவதற்குத் துணைபோயிருக்கும்.

அக்காலத்தில் இதனை எதிர்த்து நின்ற கத்தோலிக்கக் குரல் ஒன்று உண்டு. கத்தோலிக்கத் தொழிலாளி இயக்கத்தின் டோரதி டே அம்மையார், 1955 ஜூன் 15 அன்று நியூயார்க் நகரில் குடிமக்கள் அனைவரும் பதுங்க வேண்டுமென ஆணையிட்ட வான்தாக்குதல் ஒத்திகையின்போது பதுங்க மறுத்து, தோழர்களோடு பூங்காவில் அமர்ந்து கைதானார். இரோசிமாவுக்குக் கழுவாயாகவே அதனைச் செய்வதாகக் கூறினார். ஆண்டுதோறும் அமர்ந்தார், சிறையும் சென்றார். 1960இல் இளந்தாய்மார் தம் குழந்தைகளைக் கையிலேந்தி அவரோடு சேர்ந்துகொண்டனர். மறு ஆண்டு கூட்டம் மேலும் பெருகியது; அதன்பின் அந்த ஒத்திகை நடைபெறவில்லை. ஒத்திகை வேண்டாம் என்பதன்று அத்தாய்மாரின் வாதம். காக்க முடியாத ஒன்றிலிருந்து காப்பதாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதீர்கள் என்பதே. இந்த வேறுபாடு, அடுத்து நாம் காணப்போகும் காலத்துக்கு மிகவும் தேவைப்படுகிறது.

*

1999 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பள்ளியிலும், 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்துச் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியிலும் நடந்த துப்பாக்கிச் சூடுகளை நாமறிவோம். இரண்டாவதில் மாண்டோர் 20 குழந்தைகளும் பெரியவர் அறுவரும். அதன்பின், கதவைப் பூட்டி விளக்கை அணைத்து மூலையில் ஒடுங்கி ஓசையின்றி இருக்கும் கதவடைப்பு ஒத்திகை அந்நாட்டில் அன்றாடப் பாடம்போல் ஆயிற்று. 2015–16 கல்வியாண்டிலேயே அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு இதனைச் செய்தன.

கதவைப் பூட்டிப் பழகுவதில் தவறில்லை. தவறு, அதனை மெய்போல் நடித்துக்காட்டும் போட்டியில் நேர்ந்தது. சில ஊர்களில் முகமூடியிட்டவர் தாழ்வாரத்தில் நடந்தார்; வெற்றுத் தோட்டாக்கள் வெடித்தன; பொய்க்குருதி பூசிய மாணவர் தரையில் கிடந்தனர். 2018 டிசம்பரில் ஃபுளோரிடா மாநிலத்துப் பள்ளியொன்றில், ஒத்திகை என்று சொல்லாமலேயே துப்பாக்கி ஏந்தியவன் நுழைந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினர். பிள்ளைகள் பெற்றோருக்கு இறுதி விடை சொல்லிக் கைப்பேசியில் எழுதினர். முண்டியடித்து ஓடியதில் சிலர் காயமுற்றனர். 167 ஆண்டுகளுக்கு முன் கிரீன்விச் அவென்யூவில் தற்செயலாய் எழுந்த பொய்க்கூச்சலை, இங்கே பெரியவர்களே திட்டமிட்டு எழுப்பினர் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. 2019 சனவரியில் இந்தியானா மாநிலம் மான்டிசெல்லோவில், ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைச் சுவரோரம் மண்டியிடச் செய்து, காவல்துறையினர் பிளாஸ்டிக் குண்டுகளால் பின்புறம் சுட்டனர். தோல் கன்றி வீங்கியவர்கள் சட்டமன்றத்தில் முறையிட நேர்ந்தது.

அந்நாட்டு ஆசிரியர் சங்கங்கள் இரண்டு 2020இல் இத்தகைய ஒத்திகைகளை நிறுத்தக் கோரின. அதே ஆண்டு குழந்தைநல மருத்துவர் கழகம் வெளியிட்ட அறிவுரை தெளிவானது. ஏமாற்றக்கூடாது, முன்கூட்டியே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அறிவிக்க வேண்டும், துப்பாக்கியோசையும் நடிப்பும் கூடாது, ஊனமுற்றோர்க்கும் முன்பே துயருற்றோர்க்கும் தனி ஏற்பாடு வேண்டும், விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது. ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவன அறிஞர்கள் 33 மாநிலங்களைச் சேர்ந்த 114 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒத்திகைக்கு முன்னும் பின்னும் 90 நாட்கள் அப்பள்ளிச் சமூகத்தார் சமூக ஊடகங்களில் எழுதியவற்றை ஆராய்ந்தனர். மனச்சோர்வின் அறிகுறிகள் 39 விழுக்காடும், பதற்றமும் மனவழுத்தமும் 42 விழுக்காடும் மிகுந்திருந்ததாக 2021இல் அறிவித்தனர். துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரும் அமைப்பொன்றின் துணையோடு நடந்த ஆய்வு இது. ஊடகப் பதிவுகளைக் கொண்டு மனத்தை அளப்பதன் எல்லையும் உண்டு. ஆயினும் மூன்று மாதங்கள் நீளும் நிழலை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டென்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். அமைதியாக, அறிவித்து, ஒரே வகைச் சொற்களைக் கொண்டு நடத்தும் ஒத்திகைக்குப் பின் மாணவர்கள் செய்ய வேண்டியதைத் தெளிவாக அறிந்திருந்தனர் என்று கண்ட ஆய்வுகளும் உள. ஆகவே கேள்வி ஒத்திகையா இல்லையா என்பதன்று. 2006இல் தம் மகளைப் பள்ளித் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த கொலராடோ பெற்றோர் இருவர் ஓர் அறக்கட்டளை நிறுவி எளிய முறையொன்றை வகுத்தனர். கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாதிரு: அவ்வளவே பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது. யார் வருவான், என்ன செய்வான் என்ற கதை அதில் இல்லை. தீ ஒத்திகையில் நாம் தீயைக் கொளுத்துவதில்லையே! கைக்குப் பழக்கம் தேவை. அதற்காகக் கண்ணுக்குக் காட்சி தேவையில்லை. 2024இல் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம், நடிப்பும் போலிக் காட்சிகளும் ஒத்திகையில் கூடாதென்றும், பெற்றோருக்கு முன்னறிவிப்பும், இது ஒத்திகையே என்று பிள்ளைகளுக்கு அந்நேரத்து அறிவிப்பும் வேண்டுமென்றும் விதித்தது.

சிறுவர் வகுப்புகளில் நல்லாசிரியர்கள் செய்வதைக் கேட்டால் வியப்பாய் எளிதாயிருக்கும். நாளை மணி அடிக்கும், நாம் ஆலமரத்தடிக்கு நடப்போம், பிறகு திரும்புவோம் என்று முதல்நாளே சொல்லுதல். மணியின் ஓசையை முன்பே ஒருமுறை மெல்லக் கேட்கச் செய்தல். காதுகூசும் பிள்ளையை ஆசிரியையின் கையருகே நிறுத்துதல். முடிந்ததும் உடனே கணக்குப் பாடத்துக்குத் தாவாமல், என்ன தோன்றியது என்று கேட்டுப் பத்து நிமிடம் உட்காருதல். சில நாட்கள் கழித்தும் உறங்காத, உண்ணாத, வயிற்றுவலி என்று வீட்டிலேயே நிற்கும் பிள்ளையைக் கவனித்தல். இவற்றில் செலவு பிடிப்பது எதுவுமில்லை.

*

நம் மண்ணுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் பற்றிய தீ ஓலைக்கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் கருகினர். குறுகிய படிக்கட்டு ஒன்றே வழி. சிகாகோவின் எண்ணிக்கைக்கு அருகே நிற்கும் அந்த எண்ணைத் தமிழர் எவரும் மறக்கமாட்டார். கூரைகள் அகற்றப்பட்டன. அந்த நெருப்பையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் அச்சமின்றிப் பயில்வதும் கல்வி பெறும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு நெறிமுறைகளும் ஒத்திகைகளை வற்புறுத்துகின்றன.

அதே 2004 டிசம்பர் 26, ஞாயிறு. ஆழிப்பேரலை வந்தபோது பள்ளிகள் மூடியிருந்தன என்பது அத்துயரத்திலும் ஓர் ஆறுதல். அதன்பின் கடலோரப் பள்ளிகளில் பேரிடர் ஒத்திகைகள் நடந்தன. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் வகுப்பில் அமர்ந்திருந்தவர்களுள், கடல் தன் தங்கையைக் கொண்டுசென்றதைக் கண்ட பிள்ளைகளும் இருந்தனர். அவர்களது காதில் சங்கொலி ஒத்திகையாக விழுந்திருக்குமா? மற்ற நாற்பது பேருக்கு விளையாட்டாயிருக்கும் ஒன்று அந்த ஒருவருக்கு இரண்டாவது அலையாகிவிடக்கூடும். ஒத்திகைக்கு முந்தைய நாள் ஆசிரியர் தம் வருகைப் பதிவேட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, யார் வீட்டில் என்ன நேர்ந்தது என்பதை நினைவுகூர வேண்டுவது இதனாலேயே.

நம் பள்ளிகளில் ஒத்திகை பெரும்பாலும் ஆய்வாளர் வரும் நாளில் புகைப்படத்துக்காக நடைபெறுகிறது என்று சொன்னால் பலர் மனம் நோகலாம். ஆயினும் பெற்றோராகிய நாம் கண்ணால் காண்பது அது. மெய்யாகவே நடத்த முனையும் தாளாளர்கள் முதலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவேண்டியதில்லை. விடுமுறை நாளொன்றில், பிள்ளைகள் இல்லாதபோது, தலைமையாசிரியரும் பங்குத்தந்தையும் பெற்றோர் சிலரும் கட்டடத்தைச் சுற்றி நடந்து வரலாம். பின்கதவின் சாவி யாரிடம், அவர் விடுப்பில் சென்றால் யாரிடம்? மாடிப்படியின் அடியில் உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருக்கின்றனவா? தீயணைப்புக் கருவி எட்டும் உயரத்தில் உள்ளதா, அதன் காலக்கெடு என்று முடிந்தது? சன்னல் கம்பிகளில் ஒன்றேனும் உள்ளிருந்து திறக்குமா? இவற்றைச் சரிசெய்த பின்னரே பிள்ளைகளை நடத்திப் பார்க்க வேண்டும். அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இன்னொன்றையும் கேட்டு, விடையைத் தீர்மான ஏட்டில் பதிவுசெய்யச் சொல்லலாம்: புகையைக் கண்டால் யாரையும் கேட்காமல் மணியை அடிக்க இப்பள்ளியில் எத்தனை பேருக்கு அனுமதி உண்டு?